முதல் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறீர்களா? எந்தக் கவுண்டரில் யார், எதற்கு எவ்வளவு

"இப்பல்லாம் பாஸ்போர்ட் எடுக்கிறது ரொம்ப சுலபம்" என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். பழைய காலத்தோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன. எனக்கும், பிறகு அம்மாவுக்கும் விண்ணப்பித்தபோது ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் முதல்முறையாக விண்ணப்பிப்பவரை மனத்தில் வைத்து எழுதியது இது. புதுப்பிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## 1. மையத்தில் யார் கம்பெனி ஆள், யார் அரசு அதிகாரி

பாஸ்போர்ட் சேவை மையம் முழுக்க அரசு அலுவலகம் இல்லை. வெளியுறவு அமைச்சகமும் டி.சி.எஸ். என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு அது. மையத்தின் வசதிகள், கணினி, மென்பொருள், இணையதளம், கால் சென்டர், டோக்கன் கொடுப்பவர், ஆவணங்களை ஸ்கேன் செய்யும் 'ஏ' கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. உங்கள் சான்றிதழை ஏற்பதா வேண்டாமா, பாஸ்போர்ட் கொடுப்பதா நிறுத்திவைப்பதா என்ற முடிவும், அச்சடிப்பதும், அனுப்புவதும் அரசின் கையில் இருக்கின்றன. 'பி', 'சி' கவுண்டர்களில் இருப்பவர்கள் பாஸ்போர்ட் அலுவலக அதிகாரிகள்.

இந்தப் பிரிவினை தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் வராது. டோக்கன் மேஜையில் ஒருவர் உங்கள் காகிதத்தைப் பார்த்து "இது செல்லாது" என்றால், சரியான காரணம் இருக்கலாம்; கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதுவே இறுதி முடிவு இல்லை. உங்களிடம் இருப்பது பட்டியலில் உள்ள சான்றுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். அதேபோல 'ஏ' கவுண்டர் ஊழியரிடம் "எனக்குக் கிடைச்சிடுமா?" என்று கேட்டுப் பயனில்லை. அவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் பாஸ்போர்ட் அலுவலகங்கள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு ஊர்களில் உள்ளன. அவற்றின் கீழ்தான் சேவை மையங்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர் போன்ற ஊர்களிலும் மையம் உண்டு. 2017 முதல் தலைமை அஞ்சலகங்களிலும் சின்ன மையங்கள் திறந்திருக்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அஞ்சலக மையம் இருந்தால் அதையே எடுங்கள். கட்டணம் ஒன்றுதான், பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

## 2. பெயரை முடிவு செய்த பிறகே கணினி முன் உட்காருங்கள்

நம் ஆட்களுக்கு இதுதான் மிகப் பெரிய சிக்கல். படிவத்தில் இனிஷியல் போட முடியாது. 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பிரவுசிங் சென்டரில் இருப்பவர் அவசரத்தில் ஏதாவது ஒன்றை அடித்துவிடுவார். அது பத்து வருடத்துக்குப் பாஸ்போர்ட்டிலும், அதைப் பார்த்து எடுக்கும் ஒவ்வொரு விசாவிலும், டிக்கெட்டிலும் நிற்கும்.

ஆதாரில் 'எம். கயல்விழி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் முருகேசன். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கிவன் நேமில் கயல்விழி, சர்நேமில் முருகேசன். என் பரிந்துரை இதுதான். வெளிநாட்டில் உங்களை 'மிஸ் முருகேசன்' என்று கூப்பிடுவார்கள். அதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

இரண்டாவது, கிவன் நேமிலேயே 'கயல்விழி முருகேசன்' என்று எழுதிவிட்டு சர்நேமைக் காலியாக விடுவது. பாஸ்போர்ட் கிடைக்கும். ஆனால் விமான டிக்கெட், விசா படிவம் எல்லாம் சர்நேமைக் கட்டாயமாகக் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் குழப்பம். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களுக்கு முழுப்பெயரும் சர்நேமாகப் போய், முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று விழும்.

மூன்றாவது, வெறும் 'கயல்விழி' மட்டும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா, விசிட் விசாவில் வர முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள். இருந்தாலும் துபாய், ஷார்ஜா என்று வேலை தேடிப் போகிறவர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் அந்தச் சிக்கலை நாமே விலைக்கு வாங்க வேண்டாம்.

ஆதாரில் இனிஷியலாக இருப்பதை விரித்து எழுதுவதற்கு, அப்பா பெயர் முழுதாக இருக்கும் சான்று ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பெரும்பாலும் அது போதும். ஆனால் எழுத்துக்கூட்டல் மாறினால் அது வேறு விஷயம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். பிறந்த தேதியை ஒரு முறைதான். எனவே எந்தச் சான்றிதழை அடிப்படையாக வைக்கப் போகிறீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது மிகவும் கடினம், ஆகவே அதையொட்டி ஆதாரை மாற்றுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கல்யாணம் ஆன பெண்கள் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

## 3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பிறந்த தேதிக்கு: 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தை என்றால் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும். அதற்கு முன் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை இவற்றில் ஒன்றைக் காட்டலாம்.

முகவரிக்கு: ஆதார், வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, கேஸ் இணைப்பு ஆவணம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், புகைப்படம் ஒட்டிய வங்கி பாஸ்புக் ஆகியவை செல்லும். ரேஷன் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வாடகை வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது: வெள்ளைத் தாளிலோ முத்திரைத் தாளிலோ எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் போதாது, பதிவாகியிருக்க வேண்டும்.

படிப்புக்கு: பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்தச் சான்றிதழை மறக்காமல் எடுத்துப் போங்கள். வயதுச் சான்றுக்கு பான் கார்டு காட்டிவிட்டோமே, இது எதற்கு என்று பலர் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். இதைக் காட்டாவிட்டால் உங்கள் பாஸ்போர்ட் 'ஈ.சி.ஆர்.' வகையில் வந்துவிடும். அப்படி வந்தால் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். பத்தாவது தேறாத தொழிலாளிகளை ஏமாற்று ஏஜென்டுகளிடமிருந்து காப்பதற்காக உள்ள ஏற்பாடு அது, அவர்களுக்கு அவசியமானதும்கூட. ஆனால் படித்தவர் ஒரு காகிதத்தை மறந்ததால் அதில் போய்ச் சேரக் கூடாது. 50 வயதைத் தாண்டியவர்கள், வருமான வரி கட்டுபவர்கள் போன்றோருக்கும் விலக்கு உண்டு.

அரசு ஊழியர்கள்: துறைக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்து அதன் நகலை வைத்திருங்கள். தடையின்மைச் சான்று கிடைத்தால் அதையே தரலாம்.

குழந்தைகளுக்கு: அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். அதன் மாதிரி இணையதளத்திலேயே இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதினால் போதும், நோட்டரி தேவையில்லை. மையத்துக்கு வெளியே நின்று "நோட்டரி கையெழுத்து இல்லாமல் விடமாட்டாங்க" என்று சொல்பவர் தன் பிழைப்புக்காகச் சொல்கிறார். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைக் கொண்டுபோக வேண்டும். மற்ற எல்லோருக்கும் அங்கேயே படம் எடுப்பார்கள்.

எல்லாவற்றிலும் அசலும் ஒரு செட் நகலும் எடுத்துச் செல்லுங்கள். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருப்பதை இணைத்தால் அசல் தேவைப்படாது என்கிறார்கள். வசதிதான், ஆனாலும் அசல் பையில் இருக்கட்டும்.

## 4. இணையத்தில் விண்ணப்பம்: போலித் தளங்கள் ஜாக்கிரதை

சரியான முகவரி ஒன்றே ஒன்று: பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். 'ஜிஓவி டாட் இன்' என்று முடியாத எதையும் தொடாதீர்கள். கூகுளில் தேடினால் முதலில் வரும் சில தளங்கள் 'ஆர்க்', 'காம்' என்று முடியும், பார்க்க அச்சு அசலாக இருக்கும். படிவத்தை நிரப்பச் சொல்லிப் பணத்தையும் உங்கள் விவரங்களையும் எடுத்துக்கொள்ளும். வெளியுறவு அமைச்சகமே இவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது. கைபேசியில் 'எம்பாஸ்போர்ட் சேவா' செயலியிலும் விண்ணப்பிக்கலாம்.

உங்களால் முடியாவிட்டால் பொதுச் சேவை மையத்தில், அதாவது சி.எஸ்.சி.யில் நிரப்பிக்கொள்ளலாம். படிவம் நிரப்பி அப்பாயின்ட்மென்ட் போட்டுத் தர அங்கே சேவைக் கட்டணம் 100 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். வெளியே ஏஜென்டுகள் ஆயிரக்கணக்கில் கேட்பதும் இதே வேலைக்குத்தான்.

யார் நிரப்பினாலும் ஒன்றில் உறுதியாக இருங்கள்: மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். அம்மாவின் விண்ணப்பத்தை நிரப்பிய கடைக்காரர் வேகத்துக்காகத் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டார். தேதி மாற்ற வேண்டி வந்தபோது உள்ளே நுழைய அவர் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் நல்ல மனிதர் என்பதால் சரியாயிற்று. எல்லோருக்கும் அப்படி அமையாது.

படிவத்தில் 'தற்போதைய முகவரி' என்ற இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். போலீஸ் அங்கேதான் வரும். பாஸ்போர்ட்டும் அங்கேதான் வரும். சென்னையில் மேன்ஷனில் தங்கி வேலை பார்த்துக்கொண்டே விருதுநகர் வீட்டு முகவரி கொடுத்தால், காவலர் வரும் நாளில் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் சென்னை முகவரிக்குச் சான்று தயார் செய்துகொண்டு அங்கேயே விண்ணப்பியுங்கள். இந்தியாவில் எந்த ஊரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். சொந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்ற விதி இல்லை.

உங்கள் மேல் நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் படிவத்தில் அதை மறைக்காதீர்கள். வழக்கு இருந்தாலும் வழி உண்டு, அந்த நீதிமன்றத்திலேயே அனுமதி வாங்கலாம். மறைத்தது தெரிந்தால் அபராதம் கட்டி விளக்கமும் கொடுக்க வேண்டியிருக்கும்.

## 5. எவ்வளவு செலவாகும்

- பெரியவர்கள், 36 பக்கம்: 1,500 ரூபாய். 60 பக்கம்: 2,000 ரூபாய்.
- 18 வயதுக்குட்பட்டவர்கள், 36 பக்கம்: 1,000 ரூபாய்.
- தட்கல், அதாவது அவசர வழி என்றால் மேற்கண்டவற்றுடன் 2,000 ரூபாய் கூடும். சாதாரணக் கட்டணத்தை இணையத்தில் கட்டுவீர்கள், மீதி 2,000 மையத்தில்.
- 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் புதிய விண்ணப்பத்தில் 10 சதவீதம் தள்ளுபடி.
- தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதில், 36 பக்கம்: 3,000 ரூபாய்.

அடிக்கடி பறக்கிறவராக இல்லாவிட்டால் 36 பக்கம் தாராளம்.

கட்டிய பணம் ஒரு வருடம் செல்லும். அதற்குள் அப்பாயின்ட்மென்ட்டை மூன்று முறைதான் மாற்றலாம், பிறகு மறுபடி கட்ட வேண்டும். ஆகவே 'முதலில் ஒரு தேதியைப் போட்டுவைப்போம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஆரம்பிக்காதீர்கள். காகிதம் எல்லாம் கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

தட்கல் வேண்டுமா? டிக்கெட் போட்டாயிற்று, வேலைக்குச் சேரத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்றால் எடுங்கள். இல்லாவிட்டால் அந்த 2,000 ரூபாயை வீட்டிலேயே வைத்திருங்கள். தட்கலுக்குப் பட்டியலில் உள்ள மூன்று ஆவணங்கள் தேவை. பெயர் மாற்றம் போன்ற சில விண்ணப்பங்களுக்குத் தட்கல் கிடைக்கவே கிடைக்காது. பணம் கட்டிவிட்டதாலேயே கொடுத்துவிடுவார்கள் என்றும் இல்லை, அந்த முடிவும் அதிகாரி கையில்தான்.

## 6. மையத்துக்குப் போகும் நாள்

குறித்த நேரத்துக்கு 15 நிமிடம் முன்னால் போனால் போதும். விடியற்காலையிலேயே போய் வரிசையில் நிற்பதால் எந்தப் பயனும் இல்லை. ரசீதின் அச்சுப் பிரதி கட்டாயமில்லை, கைபேசிக்கு வந்த எஸ்.எம்.எஸ்.ஸே போதும். அடர்நிறச் சட்டையோ புடவையோ உடுத்திப் போங்கள். பின்னணி வெள்ளையாக இருப்பதால் வெள்ளைச் சட்டை படத்தில் கரைந்துவிடும்.

டோக்கன் வாங்கியதும் திரையைப் பார்த்தபடி இருங்கள். 'ஏ' கவுண்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, படமும் கைரேகையும் எடுப்பார்கள். பிறகு உங்கள் விவரங்களைப் படித்துப் பார்க்கச் சொல்வார்கள். இந்த நாளின் மிக முக்கியமான நிமிடம் அதுதான். பெயரின் ஒவ்வொரு எழுத்தையும், அப்பா அம்மா பெயரையும், பிறந்த ஊரையும், கதவு எண்ணையும் விரல் வைத்துப் படியுங்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. பிழையை இங்கே சொன்னால் உடனே திருத்துவார்கள். அச்சாகி வந்த பிறகு என்றால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம் என்று போய் நிற்கும்.

உள்ளே நகலெடுக்கும் வசதி, கூடுதல் எஸ்.எம்.எஸ். சேவை மாதிரியான சிலவற்றைக் காசுக்குத் தருவார்கள். விருப்பமிருந்தால் எடுக்கலாம், வேண்டாம் என்று சொன்னால் உங்கள் விண்ணப்பத்துக்கு எதுவும் ஆகாது. நிலவரத்தை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

'பி' கவுண்டரில் அதிகாரி அசலைச் சரிபார்ப்பார். 'சி'யில் முடிவெடுப்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஏதாவது காகிதம் குறைந்தால் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படும். அது நிராகரிப்பு இல்லை. என்ன காகிதம் குறைகிறது என்று தெளிவாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அதே விண்ணப்பத்தில் மறுபடி தேதி வாங்கிப் போகலாம்.

வெளியேறும்போது ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதில் 'கோப்பு எண்' இருக்கும். இணையத்தில் விண்ணப்பித்தபோது முதலில் கிடைத்த ஏ.ஆர்.என்., அதாவது விண்ணப்பக் குறிப்பு எண் வேறு, இது வேறு. இனிமேல் நிலவரம் பார்க்கக் கோப்பு எண்ணும் பிறந்த தேதியும்தான் வேண்டும். சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## 7. போலீஸ் விசாரணை

முதல் பாஸ்போர்ட்டுக்குப் பொதுவாக விசாரணை முடிந்துதான் அச்சுக்குப் போகும். தட்கலில் பெரும்பாலும் பாஸ்போர்ட் வந்த பிறகு விசாரணை நடக்கும். காவலர் வீட்டுக்கு வரலாம், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லலாம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் அந்த நாட்களில் எடுத்துப் பேசுங்கள். முகவரிச் சான்று, வயதுச் சான்று நகல்களைத் தயாராக வையுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த அக்கம்பக்கத்தார் இருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இதற்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் கட்டிய 1,500 ரூபாயிலேயே எல்லாம் அடக்கம். 21 நாளுக்குள் அறிக்கை அனுப்பினால் ஒரு விண்ணப்பத்துக்கு 150 ரூபாய் வீதம் மாநிலக் காவல்துறைக்கு வெளியுறவு அமைச்சகமே கொடுக்கிறது. "டீ செலவுக்கு" என்று யாராவது இழுத்தால் இது உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

அறிக்கை நின்றுபோனால் எங்கே கேட்பது என்பதில்தான் பலர் அலைகிறார்கள். சேவை மையத்துக்குப் போய்ப் பயனில்லை. அங்கே உங்கள் கோப்பு இப்போது இல்லை. 'போலீஸ் விசாரணை நிலுவை' என்று நிலவரம் காட்டினால் உங்கள் காவல் நிலையத்தில் கேளுங்கள். அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் 'பரிசீலனையில்' என்றே நிற்கிறது என்றால் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என உங்கள் பாஸ்போர்ட் அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். 1800-258-1800 என்ற இலவச எண்ணில் நிலவரம் சொல்வார்கள். ஆனால் அது கால் சென்டர். கோப்பை நகர்த்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பாஸ்போர்ட் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு 'எந்தத் தேதியிலிருந்து, யாரிடம், என்ன காரணத்தால் நிற்கிறது' என்று கேட்டால் போதும்.

## 8. பாஸ்போர்ட் கைக்கு வரும்போது

ஸ்பீடு போஸ்ட்டில்தான் வரும். மையத்திலோ ஏஜென்டிடமோ போய் வாங்க முடியாது. அனுப்பியதும் கண்காணிப்பு எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். அன்றே உங்கள் பகுதித் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அடையாள அட்டையோடு வீட்டில் இருங்கள். வீடு பூட்டியிருந்து திரும்பிப் போனால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே போய்விடும், அங்கிருந்து மீட்பது இன்னொரு அலைச்சல்.

இப்போது சிப் பொருத்திய இ-பாஸ்போர்ட் தருகிறார்கள். அட்டையில் கீழே பொன்னிறத்தில் சின்னக் குறி இருக்கும். கட்டணம் அதேதான், தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பழைய வகைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காலாவதி ஆகும்வரை அதையே பயன்படுத்தலாம்.

உறையைப் பிரித்ததும் தகவல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்புகைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாவது சான்றிதழ் கொடுத்தும் ஈ.சி.ஆர். என்று வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தவறு இருந்தால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். பயண டிக்கெட் போடும்வரை தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்குப் பத்து வருடம், குழந்தைகளுக்கு ஐந்து வருடம் அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். காலாவதித் தேதிக்கு முன்னால் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். ஆகவே ஒன்பதாம் வருடத்திலேயே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கலாம்.